வாட்டம் விடாத குழாய்கள்: கடலோரக் குடியிருப்புகளில் ஏசி ஒழுகல்

கத்திரி வெயில் காலத்தில் பகல் இரண்டு மணிக்குச் செங்கல்பட்டு பக்கம் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். மேற்கிலிருந்து வீசும் காய்ந்த காற்று அது. அந்த நேரத்தில் ஓடும் ஏசியின் குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மாலையில் கடற்காற்று திரும்பி வெப்பம் 30 டிகிரிக்கு இறங்கினால், அதே குழாயில் தண்ணீர் கம்பியாக இறங்குகிறது. வெயில் கூடினால் ஏசித் தண்ணீரும் கூடும் என்று நினைப்பவர்களுக்கு இது புதிராக இருக்கலாம். கணக்கு எளிது. 40 டிகிரி வெப்பமும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 15 கிராம் நீர்தான் ஆவியாக இருக்கும். 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள இரவுக் காற்றில் 24 கிராம் இருக்கிறது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு படுக்கையறையை மூடினால், உள்ளே உள்ள காற்றிலேயே ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் நம்மோடு சேர்ந்து மாட்டிக்கொள்கிறது.

செய்யூர், கடலூர்க் குப்பங்கள், முதலியார்குப்பம், கல்பாக்கம், மாமல்லபுரம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக இந்த இரவுக் காற்றுதான். செய்யூரில் இன்னமும் தனி வீடுகளும் இரண்டு மூன்று மாடி வாடகைக் கட்டடங்களுமே அதிகம். பெரிய அடுக்குமாடிகளைப் பார்க்கக் கேளம்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், செங்கல்பட்டு டவுன் பக்கம் போகவேண்டும். ஆனாலும் எல்லா இடத்திலும் ஒரே புகார்: கட்டில் மேல் தண்ணீர் சொட்டுகிறது, சுவர் ஓதம் அடிக்கிறது, பெயின்ட் உப்பிப் பொரிகிறது, மேல்வீட்டு ஏசித் தண்ணீர் கீழ்வீட்டு ஜன்னலில் கொட்டுகிறது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் வாட்டர் வாஷ் செய்துவிட்டுப் போகிறார். அடுத்த மாதம் மறுபடி சொட்டுகிறது. இப்படிச் சொட்டுவதற்கு மெஷினைக் குறை சொல்வது பெரும்பாலும் தவறான இடத்தில் கை வைப்பது. தண்ணீர் வரும் என்று தெரிந்தே, அது போக வழி விடாமல் கட்டிய கட்டடத்தில்தான் கோளாறு இருக்கிறது.

ஏசி என்ற மெஷின் பிறந்ததே தண்ணீரை எடுக்கத்தான். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் காகிதம் சுருங்கி விரிந்து, வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பதியாமல் போயின. அந்த ஈரத்தை அடக்க வில்லிஸ் கேரியர் வடிவமைத்த ஏற்பாட்டிலிருந்துதான் இன்றைய ஏசி வளர்ந்தது. அதில் குளிர்ச்சி இரண்டாவது வேலை. பத்து டிகிரி அளவில் இருக்கும் காயிலின் மேல் ஈரக்காற்று படும்போது, ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்புறம்போல அது வியர்க்கிறது. ஒன்றரை டன் ஏசி முழுவீச்சில் ஓடினால் மணிக்கு ஒன்றரை லிட்டர், இரண்டு லிட்டர்கூட எடுக்கும். அறை குளிர்ந்து கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடும்போது அளவு குறையும். கதவு இடுக்கு, ஜன்னல் இடுக்கு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் புழுக்கமான ஓர் இரவில் ஐந்து முதல் பத்து லிட்டர் வரை எதிர்பார்க்கலாம். குளியலறைக் குழாயைப் பத்து லிட்டருக்குத் திறந்துவிட்டு, வடிகால் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் தூங்குவோமா? ஏசிக்கு மட்டும் அப்படித்தான் செய்கிறோம்.

கம்பெனிகள் இதைச் சோதிக்காமலும் இல்லை. ஐஎஸ்ஓ 5151 என்ற சர்வதேசத் தரத்தில், வியர்வையையும் வடிநீரையும் சோதிப்பதற்கென்றே தனியாக ஒரு தேர்வு உண்டு. அறையை 27 டிகிரியில், 78 சதவீத ஈரப்பதத்தில் வைத்து மணிக்கணக்கில் ஓட்டுவார்கள். மெஷினிலிருந்து ஒரு சொட்டு வெளியே விழவோ, காற்றோடு தெறிக்கவோ கூடாது. இது செய்யூரின் ஒரு சாதாரண புரட்டாசி இரவுதான். அந்தத் தேர்வில் தேறிய வகை மெஷின் நம் வீட்டுச் சுவரில் ஏறிய பிறகு ஒழுகுகிறது என்றால், சுவரில் ஏற்றும்போது என்ன நடந்தது என்றுதான் கேட்கவேண்டும்.

நடப்பது என்ன? ஏசி மாட்ட வருகிறவர்களுக்கு ஒரு நாளைக்குப் பல வீடுகள். காப்பர் பைப் எவ்வளவு குறைவாக ஓடுகிறதோ அவ்வளவு நல்லது. சுவரில் துளை போடும்போது வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். நேராகவோ உள்பக்கம் தாழ்ந்தோ போட்டுவிடுகிறார்கள். இன்டோர் யூனிட்டை மாட்டும் தகட்டுக்கு ரசமட்டம் வைத்துப் பார்க்கவேண்டும். கண்ணளவில் பார்த்து ஸ்க்ரூவை முடுக்குகிறார்கள். ட்ரெயின் வாய் ஒரு பக்கம் இருக்க, யூனிட் மறுபக்கம் அரை விரல்கடை சாய்ந்தால் போதும். ட்ரேயின் மூலையில் தண்ணீர் தேங்கி விளிம்பு வழியாகப் படுக்கையில் இறங்கும். காப்பர் பைப், வயர், ட்ரெயின் ஹோஸ் மூன்றையும் சேர்த்து வெள்ளை டேப்பால் சுற்றும்போது, ஹோஸ் எல்லாவற்றுக்கும் கீழே இருக்கவேண்டும். மேலே வைத்துச் சுற்றிவிட்டால் துளைக்குள் அது காப்பர் பைப்பின்மேல் ஏறி இறங்கி ஒரு மேடு உண்டாகும். தண்ணீர் மேடேறாது.

கொத்தனார்களுக்கு இது தெரியாததல்ல. மொட்டைமாடித் தளத்துக்கு வாட்டம் விடாமல் எந்த மேஸ்திரியும் ஓடு பதிக்கமாட்டார். பாத்ரூமுக்கும் அப்படியே. ஆனால் ஏசி பைப்பை எலக்ட்ரீஷியன் வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எலக்ட்ரீஷியனுக்குத் தண்ணீர் தன் வேலை இல்லை. பிளம்பரை அந்தப் பக்கம் யாரும் கூப்பிடுவதே இல்லை. அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் இன்டர்நேஷனல் மெக்கானிக்கல் கோடு, ஏசி வடிகுழாய்க்கு நூற்றுக்கு ஒன்று வாட்டம் கட்டாயம் என்கிறது: ஒரு மீட்டர் ஓடினால் ஒரு சென்டிமீட்டர் தாழவேண்டும். குழாயின் உள்விட்டம் முக்கால் அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்றும் சொல்கிறது. நாம் சுவருக்குள் புதைக்கும் குழாய் பல கட்டடங்களில் இதைவிடச் சிறியது. அதில் இரண்டு மூன்று எல்போ வேறு. வீட்டைக் கைமாற்றும் நாளில் பாத்ரூம் குழாயைத் திறந்து பார்க்கிறவர்கள், ஏசி பாயின்ட்டில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அது வெளியே எங்கே வருகிறது என்று பார்ப்பதில்லை. ஊற்றிப் பார்த்த சில வீடுகளில் தண்ணீர் எங்கேயும் வராததை நான் கண்டிருக்கிறேன். சுவருக்குள் எங்கோ ஜாயின்ட் விட்டிருக்கிறது, அல்லது பூச்சுவேலையில் சிமென்ட் இறங்கி அடைத்திருக்கிறது.

ஸ்டூல் மேல் ஏறி மூடியைக் கழற்றும் மெக்கானிக் முதலில் டார்ச்சை அடிப்பது ட்ரேயில்தான். காயிலுக்குக் கீழே நீண்ட வாய்க்கால் மாதிரி இருக்கும் அந்த ட்ரேயில் விரலை விட்டால், பழுப்பும் கறுப்பும் கலந்த கொழகொழப்பு ஒட்டிக்கொண்டு வரும். தோல் தூசி, சமையல் எண்ணெய்ப் பிசுக்கு, ஊதுவத்திப் புகை எல்லாம் ஈரத்தில் ஊறி, அதில் பாசியும் பூஞ்சையும் வளர்ந்தது அது. ட்ரெயின் வாயில் அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் நிற்கும். "அண்ணே, ஒரு பாட்டில் தண்ணி குடுங்க" என்று வாங்கி ட்ரேயில் ஊற்றுவார், நிற்கிறது. வெளியே போய் ஹோஸ் முனையில் வாய் வைத்து ஊதுவார். உள்ளே குபுக்கென்று ஒரு சத்தம், பிறகு இறங்கும். அன்றைக்குப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் ஊதியதில் அந்த அடைப்பு பாதி ட்ரேக்கே திரும்பியிருக்கும். ட்ரேயைக் கழுவி, அடைப்பை வெளிமுனையிலிருந்து உறிஞ்சி எடுத்து, மறுபடி தண்ணீர் ஊற்றிப் பார்த்தால்தான் வேலை முடிந்தது. பிளீச்சிங் தண்ணீர் ஊற்றச் சொல்கிறவர்களும் உண்டு. அது காயிலின் அலுமினியத் தகட்டை அரிக்கும். வெந்நீரும் துளி சோப்பும் போதும்.

இது நேரடி ஒழுகல். சுற்றிவளைத்து வருவது ஒன்று உண்டு. அதைத்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஃபில்டரில் தூசி படிந்து காற்றோட்டம் குறைந்தால் காயிலின் குளிர் காற்றுக்குப் போகாமல் காயிலிலேயே தங்கும். வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, வியர்த்த நீர் உறையும். விடியற்காலையில் ஏசியை நிறுத்தியதும் அந்தப் பனிக்கட்டி மொத்தமாக உருகி, ட்ரே தாங்காமல் தரையில் கொட்டும். "நிறுத்தினபிறகுதான் சார் ஒழுகுது" என்று வியப்பவர்கள் வீட்டில் நடப்பது இதுதான். பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் காட்டிக் காயவைத்து மாட்டுவது வீட்டுக்காரர் வேலை. அதற்கு மெக்கானிக் வேண்டாம். 16 டிகிரியில் வைத்துவிட்டுப் போர்வைக்குள் நுழைவதும் உறைவதற்குத் துணைபோகும். 2020 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்கவேண்டும் என்று மின்சிக்கனத்துக்காக விதி வந்தது. ஒழுகலுக்கும் அது நல்லதுதான். ரிமோட்டைக் கையில் எடுத்த கணம் நாம் அதைக் கீழே இறக்கிவிடுகிறோம் என்பது வேறு கதை.

காயில் உறைவதற்கு இன்னொரு காரணம் கேஸ் குறைவது. ஏசி கேஸ் பெட்ரோல்போல எரிந்து தீர்வதில்லை. மூடிய சுற்றுக்குள்ளேயே அது ஓடுகிறது. ஆகவே "வருஷா வருஷம் டாப்-அப் பண்ணணும்" என்று யாராவது சொன்னால், எங்கோ கசிகிறது என்றுதான் அதற்குப் பொருள். ஃப்ளேர் நட்டில் சோப்பு நுரை வைத்துப் பார்த்து, கசியும் இடத்தை அடைத்த பிறகே கேஸ் ஏற்றவேண்டும்.

கடற்கரை விஷயத்துக்கு இங்கேதான் வரவேண்டியிருக்கிறது. செய்யூரைச் சுற்றி உப்பளங்கள் இருப்பது சும்மா இல்லை. இந்தக் காற்றிலும் மண்ணிலும் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது கிளம்பும் நுண்துளிகள் காற்றில் ஏறி, தண்ணீர் ஆவியாகி, உப்பாக நிலத்துக்குள் வருகின்றன. கடலிலிருந்து தள்ளிப்போகப் போக அளவு வேகமாகக் குறையும். முதல் சில நூறு மீட்டர்தான் மோசம். கடல் ஓரத்து உலோக அரிப்பு நமக்குப் புதிய ஆராய்ச்சியும் அல்ல. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் இதற்கென்றே களம் அமைத்து உலோகத் தகடுகளை வெயிலிலும் உப்புக்காற்றிலும் வைத்து ஆராய்ந்துவருகிறது. அவுட்டோர் யூனிட்டில் காப்பர் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கின்றன. இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்புநீர் பட்டால் மெலிந்த உலோகமான அலுமினியம் அரிபடும். தகடு வெள்ளையாகப் பூத்து, விரலால் தொட்டாலே உதிரும். ஜாயின்ட்டுகளும் பலவீனப்படும். கேஸ் மெல்லக் கசியும். கேஸ் குறைந்ததும் உள்ளே காயில் உறையும், உருகும், ஒழுகும். மொட்டைமாடியில் உப்பு அரித்ததன் விளைவு படுக்கையறைத் தரையில் தெரிகிறது. அதனால்தான் ட்ரெயின் பைப்பை எத்தனை முறை ஊதினாலும் சில வீடுகளில் ஒழுகல் நிற்பதில்லை.

கடற்கரை ஓரம் ஏசி வாங்குகிறவர் ஸ்டார் எண்ணிக்கையைப் பார்க்கும் அளவு காயில் பூச்சையும் பார்க்கவேண்டும். நீல நிறமாகவோ பொன்னிறமாகவோ பூச்சுப் பூசிய தகடு கொஞ்ச காலம் தாங்கும்; கொஞ்சம்தான். அவுட்டோர் யூனிட்டைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாமல் மறுபக்கம் மாட்டுவது அதைவிடப் பெரிய பாதுகாப்பு. மாதம் ஒருமுறை தகட்டின்மேல் நல்ல தண்ணீரை மெல்லப் பீய்ச்சி உப்பைக் கழுவவேண்டும். நல்ல தண்ணீர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்துப் போர்வெல்கள் பலவற்றில் வருவதே உப்புநீர். அதை எடுத்துக் காயிலைக் கழுவுவது கடல்காற்று செய்யும் வேலைக்குக் கைகொடுப்பதுதான். கழுவ வேறு தண்ணீர் இல்லையென்றால் ஏசித் தண்ணீரையே பிடித்துவைத்துக் கழுவலாம். அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை.

வார இறுதி வீடுகளின் கதை தனி. கோவளத்திலிருந்து தெற்கே கடற்கரை நெடுகச் சென்னைக்காரர்கள் வாங்கிப் பூட்டிவைத்த ஃபிளாட்டுகளும் வில்லாக்களும் உண்டு. மாதக்கணக்கில் ஏசி ஓடாது. அந்த இடைவெளியில் ட்ரெயின் பைப்பின் வெளிமுனையில் குளவி மண்கூடு கட்டும், எறும்பு புகும், பல்லி புகுந்து காய்ந்துகிடக்கும். சனிக்கிழமை மாலை வந்து எல்லா அறையிலும் ஏசியைப் போட்டால், பூட்டிக்கிடந்த வீட்டின் மொத்த ஈரமும் அந்த ஓர் இரவில் இறங்கும். குழாயோ அடைபட்டுக் கிடக்கிறது. முனையில் ஒரு துண்டு கொசுவலையைக் கட்டிவைத்தால் குளவி வராது. ஆனால் அந்த வலையும் தூசி அடையும், அவ்வப்போது கழற்றித் தட்டவேண்டும்.

எல்லா ஈரமும் ஏசியின் ஈரம் இல்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையேறியது போன்ற நேரங்களில் மழை கீழ்நோக்கிப் பெய்வதில்லை, பக்கவாட்டில் பெய்கிறது. ஏசி பைப் நுழையும் துளையைச் சுற்றி வெறும் பட்டி வைத்துப் பூசியிருந்தால் அந்த வழியாக மழை உள்ளே வந்து, இன்டோர் யூனிட்டுக்குப் பின்னால் இறங்கி, ஏசி ஒழுகுவதுபோலவே தெரியும். மழையின்போது ஏசி ஓடாமலே ஈரம் பரவினால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம், மேஸ்திரியைக் கூப்பிடலாம். ஃபால்ஸ் சீலிங்கில் மஞ்சள் வட்டம் விழுந்தால் பெரும்பாலும் காரணம் வேறு: உள்ளே ஓடும் காப்பர் பைப்பின் கறுப்பு ரப்பர் உறை கிழிந்து, குழாயே வியர்த்துச் சொட்டுகிறது. உறையின் ஜாயின்ட்டில் ஒரு விரல் இடைவெளி விட்டால்கூட அந்த இடம் இரவெல்லாம் சொட்டும். வெயில் படும் வெளிப்புறத்தில் அந்த ரப்பர் சில ஆண்டுகளில் பொடியாகிவிடும்.

ஏசிபோலவே ஒழுகல் புகார் வரும் இன்னொரு கருவி கீசர். அதன் ஒழுகலில் பாதி ஒழுகலே இல்லை. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடாக்கினால் அது கால் லிட்டருக்கு மேல் விரிகிறது. விரிந்த நீர் போக வழி இல்லாவிட்டால் சேஃப்டி வால்வு அதைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடும். அந்த வாயை மரக்கட்டையால் அடைக்கும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். டேங்க் வெடிக்க அதுதான் நேர்வழி. சூடாகாதபோதும் சொட்டினால் வால்வில் உப்பு படிந்திருக்கலாம். அடியிலிருந்து துருநீர் வந்தால் டேங்க் போய்விட்டது, மாற்றவேண்டியதுதான்.

தனி வீட்டில் ஏசித் தண்ணீர் தோட்டத்தில் விழுந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. அடுக்குமாடியில் அது அடுத்த வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. மூன்றாம் மாடி ஹோஸ் இரண்டாம் மாடி சன்ஷேடில் கொட்ட, அங்கே தெறிப்பது முதல் மாடித் துணிக்கொடியை நனைக்க, சன்ஷேடில் பாசி பிடித்துச் சுவருக்குள் ஓதம் இறங்குகிறது. "சார், உங்க ஏசி தண்ணி எங்க ஜன்னல்ல கொட்டுது" என்று சொல்லப்போனவர் வாட்ஸ்அப் குழுவில் சண்டைக்காரர் ஆகிவிடுகிறார். பக்கெட் வைத்துப் பிடிப்பதாகச் சமாதானம் சொல்வார்கள். ஹோஸ் முனை பக்கெட் நீரில் மூழ்கினால் குழாய்க்குள் காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் அறைக்கே திரும்பும். மறந்துபோன பக்கெட்டில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்குக் காலத்தில் அது வேறு வம்பு.

ஹாங்காங்கில் தெருவிலோ அடுத்தவர் வீட்டிலோ ஏசித் தண்ணீர் சொட்டுவது பொதுச் சுகாதாரத் தொல்லை. உணவு, சுற்றுச்சூழல் சுகாதாரத் துறை வந்து எந்த வீட்டிலிருந்து சொட்டுகிறது என்று கண்டுபிடித்து நோட்டீஸ் தரும், சரிசெய்யாவிட்டால் வழக்கு. நம்மிடம் அப்படித் தனி ஏற்பாடு இல்லை. கட்டடத்தின் தவறைக் கேட்க மட்டும் ஒரு வழி உண்டு. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் வேலைத்தரக் குறை தெரியவந்தால், சொன்ன 30 நாளில் பில்டர் செலவு வாங்காமல் சரிசெய்து தரவேண்டும். சுவருக்குள் பில்டரே புதைத்துக் கொடுத்த ஏசி வடிகுழாய் அடைபட்டிருந்தால் அது வேலைத்தரக் குறைதான் என்பது என் கருத்து. டைல்ஸ் விரிசலுக்கு எழுதிக்கேட்கிறவர்கள் இதற்குக் கேட்பதில்லை. நாம் பிறகு வாங்கி மாட்டிய ஏசிக்கு அந்தப் பிரிவு கைகொடுக்காது.

பழைய கட்டடங்களில் சங்கம்தான் செய்யவேண்டும். 2022இல் இயற்றி 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் பொதுப்பகுதிகளைப் பராமரிக்கும் பொறுப்பைச் சங்கத்திடம் வைக்கிறது. வெளிச்சுவரில் ஒவ்வொரு ஏசி வரிசைக்கும் ஒரு நேர்குத்துக் குழாயை இறக்கி, மாடிதோறும் ஒரு வாய் வைத்து, எல்லா ஹோஸையும் அதில் சேர்த்தால் சண்டையில் முக்கால்வாசி முடிந்துவிடும். இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். கையருகே இருக்கிறதென்று கழிவறைக் குழாயில் சேர்த்தால், நடுவில் தண்ணீர் நிற்கும் ட்ராப் இல்லாதபோது நாற்றம் ட்ரெயின் வழியாகப் படுக்கையறைக்கு வரும். ட்ராப் வைத்தாலும் ஏசி ஓடாத மார்கழியில் அது காய்ந்துபோகும். மொட்டைமாடி மழைநீர்க் குழாயில் சேர்த்தால் ஐப்பசி அடைமழையில் குழாய் நிரம்பி, மழைத்தண்ணீர் கீழ்மாடி ஏசி வழியாக எட்டிப்பார்க்கும். தனிக் குழாய்தான் நல்லது. அதை மழைநீர்ச் சேகரிப்புக் குழியில் கொண்டுபோய் விடலாம்.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, ஏசித் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துத் துணி அலசியவர்கள் உண்டு. தரை துடைக்க, செடிக்கு ஊற்ற, கழிவறைக்குப் பயன்படுத்த அது நல்ல தண்ணீர். குடிக்கக்கூடாது, அந்த ட்ரேயைப் பார்த்தவர் குடிக்கவும் மாட்டார். டிஸ்டில்ட் வாட்டர் மாதிரிதானே என்று இன்வெர்ட்டர் பேட்டரியில் ஊற்றுவதும் வேண்டாம். காயிலின் உலோகத்துணுக்கும் தூசியும் அதில் வருகின்றன. துபாயின் புர்ஜ் கலீஃபாவில் இந்த வடிநீரைத் தொட்டியில் சேர்த்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். நெம்மேலியில் மின்சாரம் செலவழித்துக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் ஓடுகிறது. அதே கடற்கரையில் நாற்பது வீட்டுக் கட்டடம் ஒன்றின் ஏசிகள் இரவுதோறும் நூற்றுக்கணக்கான லிட்டர் நல்ல தண்ணீரைச் சன்ஷேடுகளில் கொட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கட்டடத்துச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், வெளிச்சுவர் பெயின்ட் செலவுக்கு முன்னால் குழாய் செலவை எடுத்துக்கொள்வது நல்லது. முதலில் பெயின்ட் அடித்தால் ஒரே வருஷத்தில் மறுபடி பொரியும்.